பன்னிரண்டு அடிக்கும்வரை பாராட்டக் கூடாது

ஐந்து நாடுகள் ஒரே மேஜையில் உட்கார்ந்து, சட்டையைப் பிடிக்காமல் ஒரு முடிவுக்கு வருவது எப்படி என்று கேட்டால், எல்லை கேட்டுக்கு இந்தப் பக்கம் அதற்குச் சரியாகப் பதில் சொல்லக்கூடிய ஆள் ஒருத்திதான். பெரிய வீட்டுப் பெண் இல்லை. மந்திரி மகளும் இல்லை. லாரி டிரைவரின் மனைவி, டயர்க்கடைக்காரரின் தங்கை. லாரிக்காரர்கள் அவளைச் சீலக்கா என்பார்கள். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று சொன்னாலே அவள் கதையில் பாதி முடிந்துவிடும்.

அப்பா போனபோது அண்ணனுக்கு மீசைகூட முளைக்கவில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டவர் அவர். லாரிகள் வரிசைகட்டி நிற்கும் ரோட்டோரம், ஒரு ஜாக்கி, ஒரு கைப்பம்ப், டயர் கழற்ற இரண்டு லிவர், இவ்வளவுதான் மூலதனம். பஞ்சர் ஒட்ட உட்கார்ந்தார். இன்று அதே இடத்தில் நாலு லாரி ஒன்றாக நிற்கிற ஷெட். காற்றடிக்க மெஷின். கண்ணாடிக் கதவு போட்ட ஆபீஸ். ஒருத்தன் கைகொடுத்துத் தூக்கிவிட்டதில்லை. இதை அவர் நாலு பேரிடம் சொல்லிக்கொள்வார். சொன்னால் என்ன? உழைத்தவன் சொல்லாமல் உட்கார்ந்து தின்றவனா சொல்லுவான்?

தங்கை எட்டாவதோடு நின்றாள். கேட்டை ஒட்டி, சரக்குகளுக்குப் பேப்பர் வேலை பார்த்துக்கொடுக்கும் ஏஜென்ட் ஆபீசில் சீல் குத்துகிற வேலை. குத்திக் குத்தி வலது கைக் கட்டைவிரல் தடித்துப்போய்விட்டது. இந்தப் பக்கம் ஒரு சீல். அதே சரக்குக்கு அந்தப் பக்கம் இன்னொரு சீல். இங்கே மூட்டையை அவிழ்த்துப் பார்ப்பார்கள், கட்டுவார்கள். ஒரு கல்லெறி தூரத்தில் அங்கேயும் அவிழ்ப்பார்கள், கட்டுவார்கள். அதற்குள் தக்காளி லாரியிலிருந்து சாறு ஒழுக ஆரம்பித்துவிடும். அந்த வாடையிலேயே அவள் வளர்ந்தாள், கல்யாணம் செய்துகொண்டாள், ஒரு பெண்ணையும் பெற்றாள்.

அப்புறம் ஒரு திங்கட்கிழமை. காலையில் ஆபீசுக்குப் போனால் ரோட்டில் லாரி வரிசையைக் காணோம். பந்த் ஏதாவதா என்று பயந்துவிட்டாள். பந்த் இல்லை. இரண்டு நாட்டு அதிகாரிகளும் ஒரே ஷெட்டில் உட்கார்ந்து, ஒரு தடவை பார்த்து, ஒரே சீல் குத்தினால் போதும் என்று உத்தரவு. ஐந்து நாட்டு எல்லைகளிலும் அப்படியே.

"இதை யார் சார் முடிவு பண்ணாங்க?" என்று ஏஜென்டைக் கேட்டாள்.

"மேலேர்ந்து வந்திருக்கு."

"எந்த மேல? நம்ம மேலயா, அவங்க மேலயா?"

"ரெண்டு மேலுக்கும் மேல ஏதோ இருக்காம். போ, போய் வேலையைப் பாரு."

பார்க்க வேலை பாதிதான் மிஞ்சியிருந்தது. மற்றவர்கள் பிழைப்பு போச்சே என்று தலையில் கை வைத்தார்கள். இவளுக்கோ வேறு குடைச்சல். ஒரு கால்வாய்த் தண்ணீருக்கு அடித்துக்கொள்கிற நாடுகள், பந்து விளையாட்டில் தோற்றால்கூட முகம் கொடுத்துப் பேசாத நாடுகள், இதற்கு மட்டும் எப்படித் தலையாட்டின? இரண்டு மேலுக்கும் மேலே உட்கார்ந்திருப்பது யார்? அவர் சொன்னால் இவர்கள் ஏன் கேட்கிறார்கள்?

அந்தக் கேள்வி அவளைச் சும்மா விடவில்லை. மகள் பத்தாவது எழுதிய வருஷம் இவளும் தனித்தேர்வாக எழுதினாள். கணக்கில் மகள்தான் அதிகம் வாங்கினாள். இன்று வரை அதைச் சொல்லிச் சொல்லி அம்மாவை வம்புக்கிழுப்பாள். பிறகு தபாலில் பட்டம். பிறகு, ஐந்து நாட்டுப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து நடத்துகிற ஆய்வு நிறுவனத்தில் இடம். பிக்கப் வண்டியில் ஒரு மணி நேரத் தூரம். நாடுகள் தங்கள் அதிகாரத்தில் கொஞ்சத்தைப் பொதுவில் போட்டு, சேர்ந்து ஆளுவது எப்படி என்பதுதான் அங்கே படிப்பு. சேர்ந்த அன்றைக்கு, "டிரைவர் பெண்டாட்டிக்கு எதுக்கு இந்த வேலை" என்று கேட்ட சொந்தக்காரர்களுக்கு அண்ணன் பதில் சொன்னார்: "நாடு நாடா வண்டி ஓட்டுறது அவ புருஷன். நாடு எப்படி ஓடுதுன்னு பாக்கறது அவ. குடும்பத் தொழில்தானே."

அவள் கண்டுபிடித்த சங்கதி இது. ஐந்து நாடுகளின் கூட்டவையில் பெரும்பாலும் கை தூக்கி ஓட்டுப் போடுவதில்லை. ஒரு வரைவைத் தயார்செய்து ஐந்து பேருக்கும் அனுப்புவார்கள். இன்ன தேதி பகல் பன்னிரண்டு வரை யாரும் வாய் திறக்காவிட்டால் அது நிறைவேறியதாக அர்த்தம். மௌன முறை என்று பெயர். ஆமாம் என்று சத்தமாகச் சொன்னால் சொந்த ஊரில் உதைப்பார்கள். வேண்டாம் என்றால் பக்கத்து நாட்டுக்காரன் முறைப்பான். பேசாமல் இருந்துவிட்டால் இரண்டு பக்கமும் தலை தப்பும், காரியமும் நடந்துவிடும். அந்த ஒரே சீல் உத்தரவும் அப்படிப் பிறந்ததுதான். யாரும் சரி என்று சொல்லவில்லை. யாரும் மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

இதைக் கேட்டுவிட்டு அண்ணன் சிரித்தார். "உங்க அண்ணி முப்பது வருஷமா இந்த ஆட்சிதான் நடத்துறா. 'ஞாயித்துக்கிழமை எங்க அக்கா வீட்டுக்குப் போறோம், வேண்டாம்னா இப்பவே சொல்லுங்க'ம்பா. எவன் சொல்லுவான்? அவளுக்கு எவனும் டாக்டர் பட்டம் தரலையே."

"கேட்டா தரமாட்டாங்களா," என்றாள் அண்ணி உள்ளே இருந்து.

சிக்கல் எங்கே என்றால், நிறுவனம் தன் பட்டங்களையும் அதே முறையில்தான் கொடுக்கிறது. நாட்டுக்கு ஒருவராக ஐந்து தேர்வாளர்கள். ஆய்வுப் புத்தகத்தைப் படிக்க மாதக்கணக்கில் நேரம் உண்டு. கடைசி நாள் பகல் பன்னிரண்டு வரை எவரும் ஒன்றும் சொல்லாவிட்டால் பட்டம். திட்டி ஒரு வார்த்தை வந்தாலும் மௌனம் உடைந்தது. பாராட்டி ஒரு வார்த்தை வந்தாலும் உடைந்ததுதான். வாயால் சொன்னாலும் சரி, எழுதி அனுப்பினாலும் சரி, நிறுவனத்துத் தலைவரம்மாவின் காதுக்கு எட்டிவிட்டால் அதை மற்ற நாலு பேருக்கும் தெரிவித்து, மறுபடி விவாதத்துக்குத் திறந்தாக வேண்டும்.

பாராட்டினால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்கலாம். இரண்டு வருஷம் முன்னால் சீலக்கா தன் புத்தகத்தை முதல் தடவை கொடுத்தபோது கெட்டுத்தான் போனது. ஒரு தேர்வாளர், பாவம், நல்ல மனுஷர், "மிகச் சிறந்த ஆய்வு" என்று ஆரம்பித்தார். "ஆனால் எங்கள் துறைமுகத்தைப் பற்றி நாலு பக்கம் சேர்க்கலாமே" என்று முடித்தார். அவருடைய துறைமுகம் வந்தால் எங்களுடையது வரக்கூடாதா என்று அடுத்தவர். மூன்றாவது நாட்டுக்குக் கடலே கிடையாது. அவருக்கு வந்த கோபம் தனி. புத்தகம் அப்படியே திரும்பி வந்துவிட்டது. இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு. அதுவும் உடைந்தால் பதிவு ரத்து. ஒன்பது வருஷப் படிப்பைக் குப்பையில் போட வேண்டியதுதான்.

அந்த ஒரே வாய்ப்பின் கடைசி நாள், ஒரு வெள்ளிக்கிழமை. முடிவைத் தலைவரம்மா பன்னிரண்டு மணிக்கு நேரில் சொல்வது வழக்கம். பஸ்ஸில் போகிறேன் என்றவளை அண்ணன் விடவில்லை. கடைப் பிக்கப்பில், பின்னால் பழைய டயர்கள் நாலைந்து கிடக்க, தானே ஓட்டி வந்தார். "போற இடத்துல பேசாம இருங்க," என்று அண்ணி வாசலிலேயே சொல்லி அனுப்பினாள். அவர் காதில் அது விழுந்த மாதிரி தெரியவில்லை.

ஊர் எல்லை தாண்டுவதற்குள் ஒரு வீட்டு முன்னால் வண்டியை ஓரம் கட்டினார். கேட்டுக்கு உள்ளே, படியில், கையில் குடையோடு ஒரு பெரியவர் நின்றிருந்தார். ரிட்டயரான சுங்கக் கமிஷனர். அனுபவஸ்தர் ஒருவர் வேண்டும் என்று இந்த நாட்டின் சார்பில் போட்டிருந்த தேர்வாளர் அவர்தான்.

"இவர் எதுக்கு வராரு?"

அண்ணன் முகத்தில் வெளிச்சம். "நேத்து டயர் மாத்த வந்தாரு. கார் இன்னும் நம்ம ஷெட்டுல ஜாக்கி மேலதான் நிக்குது. என் தங்கச்சி புஸ்தகம் உங்ககிட்ட வந்திருக்காமேன்னு கேட்டேன். அசந்துட்டாரு, உன் தங்கச்சியான்னு. 'பிரமாதமா எழுதியிருக்கா, எழுத்துல ஒண்ணும் அனுப்பக்கூடாதாம், அதனால நேர்ல போய்த் தலைவரம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடறேன்'னாரு. நானே கூட்டிட்டுப் போறேன்னுட்டேன். எப்படி?"

அவள் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"அண்ணா, பன்னெண்டுக்கு முன்னாடி அவர் வாயிலேர்ந்து 'நல்லா இருக்கு'ன்னு ஒரு வார்த்தை வந்தா போதும். ஒன்பது வருஷம் போச்சு."

"நல்லா இருக்குன்னு சொன்னாக் குத்தமா? என்ன சபை இது?"

"துறைமுகக்காரரும் நல்லா இருக்குன்னுதானே ஆரம்பிச்சாரு."

அண்ணன் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். ஆள் படிக்காதவரே தவிர, மடையர் இல்லை. "சரி, இரு. நான் போய் வேணாம்னு சொல்லிடறேன்."

"சொல்லாத. அவர் வாயை அடைக்க நமக்கு உரிமை கிடையாது. பன்னெண்டு வரைக்கும் நான் அவர்கிட்ட பேசவே கூடாது. எனக்காக நீ புஸ்தகத்தைப் பத்திப் பேசினாலும் அதே தப்புதான். அப்புறம் அந்தப் பட்டம் கிடைச்சாலும் எனக்கு ஒட்டாது."

"புஸ்தகத்தைப் பத்திப் பேசக் கூடாது. அவ்ளோதானே?"

"அவ்ளோதான்."

"வேற பேசலாமில்ல?"

அதற்குள் கமிஷனர் கேட்டைத் திறந்துகொண்டு வந்துவிட்டார். சீலக்கா கதவைத் திறந்து இறங்கினாள். அவருக்குத் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, பின்பக்கம் போய், புடவையைச் செருகிக்கொண்டு, சக்கரத்தில் கால் வைத்து ஏறி டயர்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டாள்.

"ஏம்மா, முன்னாலதான் இடம் இருக்கே," என்றார் கமிஷனர்.

"அவளுக்குக் காத்து வேணுமாம் சார். நீங்க ஏறுங்க," என்றார் அண்ணன்.

டாக்டர் பட்டம் வாங்கப் போன எத்தனை பேர் டயர் மேல் உட்கார்ந்து போயிருப்பார்கள் என்று தெரியவில்லை. ஸ்டெப்னியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, பின்பக்கக் கண்ணாடி வழியாக இரண்டு தலைகளையே அவள் பார்த்துக்கொண்டு வந்தாள். சத்தம் கேட்கவில்லை. கேட்கவும் வேண்டியிருக்கவில்லை. அண்ணனின் கை போகிற போக்கிலேயே கதை தெரிந்துவிடும். கை திரும்பத் திரும்ப மேலும் கீழும் போனால் கைப்பம்ப். ஒரு கை சட்டென்று விழுந்தால் ஜாக்கி சரிந்த கதை. நெஞ்சில் அறைந்துகொண்டால், "இவனால ஒரு சைக்கிள் டயரைக்கூடக் கழட்ட முடியாது" என்று சொன்ன லாரி முதலாளி அப்புறம் பத்து லாரியையும் இவரிடமே அனுப்பிய கதை. அந்த முதலாளி கதை மட்டும் அரை மணி நேரம் ஓடும். கமிஷனர் இரண்டு தடவை விரலைத் தூக்கினார். இரண்டு தடவையும் அண்ணன் அதைவிட உயரத் தூக்கினார்.

இன்னொரு அதிசயமும் நடந்தது. யாரையும் முந்தவிடாத அண்ணன், அன்றைக்கு ஒரு டிராக்டருக்கு வழிவிட்டார்.

ஆனாலும் ரோடு எவ்வளவு நீளம்தான் இருக்கும்? நிறுவனத்து வாசலில் வண்டி நின்றபோது முகப்புக் கடிகாரத்தில் இன்னும் கால் மணி நேரம் பாக்கி. கமிஷனர் இறங்கினார். அண்ணனும் சுற்றி ஓடிவந்து அவர் எதிரில் நின்றார். அப்போதுதான் அண்ணனின் குரல் சீலக்காவுக்குக் கேட்டது. கரகரவென்று, உப்புத்தாளில் தேய்க்கிற மாதிரி இருந்தது.

"ரொம்ப சந்தோஷம்ப்பா, நீ பெரிய ஆளுதான். நான் போய் உள்ள ஒரு வார்த்தை..." என்று கமிஷனர் நகர்ந்தார்.

"சார், உங்க முன் டயரைப் பத்தி ஒண்ணு சொல்லணும்."

நடக்க ஆரம்பித்தவர் நின்றார். கார் வைத்திருக்கிற எவரும் அந்தப் பேச்சுக்கு நிற்பார்கள். "ஏன், என்ன?"

"உள்பக்கம் மட்டும் தேஞ்சிருக்கு. வெளிப்பக்கம் புதுசு மாதிரி இருக்கு. ஏன் தெரியுமா?"

"ஏன்?"

அண்ணன் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. இருமினார், செருமினார், தொண்டையைத் தடவிக்கொண்டார். ஒன்றும் வரவில்லை. பிறந்ததிலிருந்து ஓய்வில்லாமல் ஓடிய மெஷின் அன்றைக்கு, அந்த இடத்தில் நின்றுபோனது.

"தண்ணி குடிப்பா. வந்து கேட்டுக்கறேன்," என்று சொல்லிவிட்டு கமிஷனர் படியேறினார்.

நீளமான வராந்தா. கடைசியில் தலைவரம்மாவின் அறை. கதவு திறந்தே இருந்தது. கமிஷனரின் செருப்புச் சத்தம் நிதானமாகப் போனது. சீலக்கா பின்னாலேயே போனாள். "சார்" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், திரும்பிவிடுவார். பத்து நிமிஷம் பொறுங்கள் என்று சொன்னால் மனுஷர் மறுக்கவும் மாட்டார். அந்த வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. அங்கேயே அதை முழுங்கினாள். ஐந்து நாட்டுக்காரர்கள் வாயை மூடிக்கொண்டு இருப்பதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினவள். அது எவ்வளவு கஷ்டமான வேலை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, தடித்துப்போன கட்டைவிரலை மடக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கமிஷனர் கதவருகே நின்று கனைத்தார். உள்ளே தலைவரம்மா போனில் பேசிக்கொண்டிருந்தார். இருங்கள் என்று ஒரு கையைக் காட்டினார். கமிஷனர் நின்றார். போன் பேச்சு முடிகிற வழியாக இல்லை. "ஆமாம்மா... சரிம்மா... இல்லம்மா, நான் பாக்கலை..." என்று தலைவரம்மாவின் குரல் தணிந்துகொண்டே போனது. கமிஷனர் குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். சுவரில் இருந்த படங்களைப் பார்த்தார். மறுபடி கனைத்தார். மறுபடி அந்தக் கை.

முகப்புக் கடிகாரம் பன்னிரண்டு அடித்தது. சீலக்கா ஒவ்வொரு அடியையும் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

போனைக் கையில் பிடித்தபடியே தலைவரம்மா வெளியே வந்தார். "இங்க டயர்க்கடைக்காரர் யாரு?"

பின்னாலேயே வந்து நின்றிருந்த அண்ணன் கையைத் தூக்கினார். பேச்சுதான் இல்லையே.

"உங்க வீட்டம்மா. நீங்க போனை எடுக்கலையாம், ஆபீஸ் நம்பருக்கே போட்டுட்டாங்க. பிரஷர் மாத்திரை சாப்பிட்டீங்களான்னு கேக்கறாங்க. உங்க பிரஷர் ஏறின கதையெல்லாம் எனக்கு இப்ப அத்துப்படி."

அண்ணன் சட்டைப் பையிலிருந்து மாத்திரையை எடுத்துக் காட்டினார். போட்டிருக்கவில்லை.

கமிஷனருக்குப் பொறுமை போய்விட்டது. "அம்மா, நான் எவ்வளவு நேரமா நிக்கறேன். இந்தப் பொண்ணு புஸ்தகம் பிரமாதம். என் சர்வீஸ்ல இப்படி ஒண்ணு படிச்சதில்ல. ஆனா..."

சீலக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஆனா எல்லையில இருந்த அந்தப் பழைய ஷெட்டைப் பத்தி ஒரு அத்தியாயமே இல்லையே? உத்தரவு வர்றதுக்கு முன்னாடியே, மழையில எங்க ஆபீஸ் ஒழுகி, அந்தப் பக்கத்து ஆளுங்களும் நாங்களும் ஒரே ஷெட்டுல உக்காந்து பாத்தோம். அதைப் பாத்துத்தான் கூட்டவைக்கே அந்த யோசனை வந்தது. அதைச் சேர்க்காம எப்படி?"

தலைவரம்மா மெல்ல ஒரு தரம் கடிகாரத்தைப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு வந்தது. "சார், பன்னெண்டு அடிச்சாச்சு. அஞ்சு பேர்ல யாரும் ஒண்ணும் சொல்லல. புஸ்தகம் ஏத்துக்கிட்டாச்சு. இனிமே நீங்க எவ்வளவு வேணாலும் பாராட்டலாம்." அப்புறம் பெஞ்சுப் பக்கம் திரும்பினார். "டாக்டரம்மா, எழுந்திரிங்க."

எழுந்திருக்க முடியவில்லை. சிரிப்பும் அழுகையும் எது முன்னால் எது பின்னால் என்று தெரியாமல் வந்தன. அண்ணன் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து அவளிடம் கொடுத்தார். அதில் கிரீஸ் வாசனை. அதிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு தலையை நிமிர்த்தி, கமிஷனரிடம் அன்றைக்கு முதல் வார்த்தை பேசினாள். "சார், அந்த ஷெட்டுல மேஜை யாரோடது?"

கமிஷனர் யோசிக்கவே இல்லை. "மேஜை அவங்களுது. நாற்காலி நம்மளது. எங்களுக்குள்ள பெரிய சண்டையே அதுல வந்தது, கேளு..."

கேட்டாள். ஊர் திரும்புகிற வழியெல்லாம் கேட்டாள். முன் சீட்டில் இருவருக்கும் நடுவில் நெருக்கி உட்கார்ந்துகொண்டு, யார் முதலில் வந்தார்கள், பூட்டுச் சாவி யாரிடம் இருந்தது, மழை விட்ட பிறகும் ஏன் பிரிந்து போகவில்லை என்று கேட்டுக்கொண்டே வந்தாள். அச்சுக்குப் போகும்போது அந்த அத்தியாயத்தைச் சேர்த்துவிடுவது என்று அப்போதே முடிவாகிவிட்டது. யாரும் கட்டாயப்படுத்தாமல், அவளாகவே. ஏஜென்டிடம் கேட்ட கேள்விக்கு விட்டுப்போயிருந்த பதில் அது. மேலுக்கும் மேலே இருந்து வந்ததாக நினைத்த உத்தரவு, ஒழுகின கூரைக்குக் கீழே இருந்துதான் கிளம்பியிருக்கிறது.

குரல் போன அண்ணன் ஹாரன் மட்டும் அடித்தார்; வழியில் ஆள் இல்லாத இடத்திலும் அடித்தார்.

வீட்டு வாசலில் அண்ணி நின்றிருந்தாள். மூன்று முகத்தையும் பார்த்தாள், விஷயம் புரிந்துவிட்டது. சீலக்காவின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்து ஒரு நிமிஷம் வைத்திருந்தாள். புருஷனைப் பார்த்து, "மாத்திரை?" என்றாள். அவர் தொண்டையைக் காட்டினார். "அடேயப்பா, இந்தப் பட்டத்தால எனக்கும் ஒரு லாபம்," என்றாள்.

பிறகு பொதுவாக எல்லாருக்கும் சொன்னாள். "இலை போட்டாச்சு. எல்லாரும் இங்கதான் சாப்பாடு. வேண்டாம்னா இப்பவே சொல்லுங்க."

"ரொம்ப சந்தோஷம்மா. ஆனா எனக்கு உப்பு..." என்று கமிஷனர் ஆரம்பித்தார்.

மூன்று பேரும் ஒருசேரத் திரும்பி அவரைப் பார்த்தார்கள்.

கமிஷனர் வாயை மூடிக்கொண்டு, குடையை மூலையில் சாத்திவிட்டு, கை கழுவப் போனார்.